மருந்தும் உடற்பருமனும்

(மணமேல்குடியில் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பாதை, பாலம், குடிநீர்க் குழாய் என்றே எப்போதும் பேசுகிற நான் இன்று மாத்திரையைப் பற்றிப் பேச முற்படுவது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். சென்ற மாதம் கோட்டைப்பட்டினத்தை அடுத்த ஓர் ஊருக்கு வேலைகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அங்கே ஓர் அம்மையார் வீட்டு மாடத்தில் மூன்று மாதத்து நீரிழிவு மாத்திரைகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. கேட்டதற்கு, "இதைத் தின்றால் உடம்பு பெருக்கிறது ஐயா, அதனால் விட்டுவிட்டேன்" என்றார். அவர் காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது.

அவர் கூறியது பொய்யன்று. நானும் இந்நோய் உடையவன்தான். மாத்திரை தொடங்கிய ஆண்டில் எனக்கு நான்கு கிலோ கூடிற்று. படித்தவன் என்ற பெயர் இருந்தும், யாரிடமும் கேளாமல் ஒரு மாதம் மருந்தை நிறுத்தினேன். எடை குறைந்தது; மகிழ்ந்தேன். ஆனால் அது சர்க்கரை சிறுநீரோடு ஒழுகியதால் வந்த மெலிவு என்பதைப் பரிசோதனைக்குப் பின்பே அறிந்தேன்.

நமது கண்மாயை எண்ணிப் பாருங்கள். மடை ஒழுகும்வரை எவ்வளவு நீர் வந்தாலும் நிறைவதில்லை. மடையை அடைத்தபின் அதே வரத்துக்குக் கரை தளும்புகிறது. மருந்து அந்த ஒழுக்கை நிறுத்துகிறது. முன்பு வீணாய்ப் போன உணவுச் சத்து உடலிலேயே தங்குகிறது. சோற்றின் அளவைக் குறைக்காமல் இருந்தால் அது கொழுப்பாகத்தான் சேரும். அன்றியும், இன்சுலின் இயல்பாகவே சத்தைச் சேமிக்கும் பொருளாகும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் உடலில் இன்சுலினை மிகுதியாகச் சுரக்கச் செய்வன. மெட்பார்மின் அவ்வாறு எடை கூட்டுவதில்லை.

இங்கிலாந்தில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவு வெளியான பேராய்வு ஒன்றில், பத்து ஆண்டுகளில் இன்சுலின் பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 4 கிலோவும், கிளிபென்கிளமைடு உண்டவர்கள் 1.7 கிலோவும் கூடுதலாகப் பெருத்தனர். ஆயினும் சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்க் கேடுகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. 4 கிலோவுக்கு அஞ்சிக் கண்ணை இழப்பது எவ்வகையில் இலாபமாகும்?

பருமனுக்கு மற்றொரு வழியும் உண்டு. மாத்திரை விழுங்கிவிட்டு வேளைக்கு உண்ணாமல் வயலில் நின்றால் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி, வியர்த்துப் பசி எடுக்கும். அப்போது அச்சத்தில் கண்டதையெல்லாம் தின்கிறோம். மூன்று சிறு கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துக் கால் மணி நேரம் பொறுத்திருந்தால் பெரும்பாலும் நடுக்கம் தணியும். தணியாவிடில் மீண்டும் அவ்வளவே குடிக்கலாம். இது அடிக்கடி நேர்ந்தால் மருந்தின் அளவு மிகுந்திருக்கலாம் என்று மருத்துவரிடம் கூற வேண்டும்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். பயோகிளிட்டசோன் என்னும் மாத்திரை உடலில் நீரைத் தேக்கவும் கூடும். சில நாட்களில் எடை ஏறி, பாதம் வீங்கி, மூச்சு வாங்கினால் அது வெறும் சதையன்று. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குள் போயிற்றா என்பதை ஊரார்தாம் பார்க்க வேண்டும். ஊராட்சிப் பெரியோர்கள் தத்தம் தெருவில் மருந்தை நிறுத்தியவர் எவரெனக் கேட்டறிந்து, கடிந்து கொள்ளாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "எடை கூடுகிறது" என்று அவர்கள் வாய் திறந்து சொன்னால் மாத்திரையை மாற்றவோ அளவைத் திருத்தவோ வழி உண்டு. நாம் செய்யக்கூடியது சோற்றைக் குறைத்துக் காயையும் மீனையும் கூட்டுவதும், மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்பதுமே. உழைப்பவனுக்கு நடை எதற்கு என்பார்கள். இயந்திரங்கள் வந்த பின்னர் நம்மில் பலர் முன்போல் உழைப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த அம்மையாரை மருத்துவர் பார்த்து மாத்திரையை மாற்றியிருக்கிறார். புண்ணுக்குக் கட்டுப் போட்டு வருகிறார்கள். வருகிற வாரம் அவ்வூர் வழியே செல்லும்போது அந்த மாடத்தை மறுபடியும் பார்க்க எண்ணியிருக்கிறேன்.