காலுறையில் தொடங்கியவர்

(உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில் ஆற்றிய உரை)

நினைவில் நிற்கும் பயிற்சியாளர் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் நேரில் பார்த்தே இராத ஒருவரைத் தேர்ந்துகொண்டேன். அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன். 2010 ஜூன் 4 அன்று, 99 வயதில் மறைந்தவர்.

லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக அணி, 1964 முதல் 1975 வரையான 12 ஆண்டுகளில் அவருடைய பயிற்சியில் 10 முறை தேசிய வாகையர் பட்டம் வென்றது. ஆனால் எனக்கு நெருக்கமானது அதற்கு முந்தைய கதை. கென்டக்கியிலும் இண்டியானாவிலும் 11 ஆண்டுகள் அவர் பள்ளி ஆசிரியர். ஆங்கிலப் பாடம் நடத்திக்கொண்டே பயிற்சியும் தந்தார். முதல் ஆண்டில் அவருடைய அணி வென்றதைவிடத் தோற்றதே அதிகம்.

பிற்காலத்தில் பெரிய பெரிய வீரர்களுக்கும் அவர் நடத்திய முதல் பாடம், காலுறை அணிவது. சுருக்கம் விழுந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் ஆட முடியாது. நம் பிள்ளைகள் பலருக்குக் காலணியே கிடையாதே என்கிறீர்களா? உண்மைதான். வெறுங்காலோடு ஓடும் பிள்ளையின் உள்ளங்காலை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

1974-75இல் தார்ப், கேலிமோர் என்ற இரு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சியை ஓரமாக உட்கார்ந்து குறித்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். ஏறத்தாழ முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற விளக்கம். பாராட்டு பத்தில் ஒரு பங்குகூட இல்லை, கண்டிப்பும் அப்படியே. நானும் ஒரு மாலை என் பேச்சைக் குறிக்கும்படி ஒரு மாணவியிடம் சொன்னேன். ‘ஓடு, ஓடு’, ‘எங்கே பார்க்கிறே?’, ‘சபாஷ்’. தாள் முழுக்க இவைதான். எப்படி ஓடுவது என்று ஒரு வரி இல்லை.

அவருடைய மனைவி நெல், பள்ளித் தோழி. 1932இல் திருமணம். பள்ளி நாள்களில் அவர் ஆடும்போது நெல் வாத்தியக் குழுவில் இருப்பார். ஆட்டம் தொடங்குமுன் வுடன் திரும்பி அவரைத் தேடி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுவார். பயிற்சியாளரான பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. 1985 மார்ச் 21இல் நெல் இறந்தார். பிறகு பல ஆண்டுகள், மாதந்தோறும் 21ஆம் தேதி அவருக்குக் கடிதம் எழுதித் தலையணைமேல் வைத்துவந்தார் வுடன்.

26 ஆண்டுகளாக என் சனி, ஞாயிறுகள் போட்டித் திடல்களில் கழிந்தன. தியாகம் என்று நானே சொல்லிக்கொண்டேன். நான் பயிற்சி கொடுத்த ஓர் ஆட்டத்தைக்கூட என் மனைவி பார்த்ததில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார், நான் கூப்பிட்டதில்லை. வரும் சனிக்கிழமை எங்கள் குறுவட்டப் போட்டி. “நீயும் வாயேன்” என்றேன். “என்ன புதுசா?” என்று கேட்டுவிட்டு, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றார்.