தலைப்பும் செய்தியும்



நாளிதழில் முதன்மை பெறுவதைத் ‘தலைப்புச் செய்தி’ என்பர். மக்கள் வழக்கில் அது ‘கொட்டை எழுத்துச் செய்தி’. முன்னது இடத்தால் வந்த பெயர். பின்னது எழுத்தின் பருமையால் வந்த பெயர். ‘செய்தி’ என்னும் சொல்லோ ‘செய்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. புறநானூற்று 34ஆம் பாட்டில் அது செய்ந்நன்றியைக் குறிக்கும். ஆகவே, செய்தி என்பதற்குள் கடப்பாடும் அடங்கியுள்ளது.

இதனைப் பாலாற்றங்கரையில் பொருத்திக் காணலாம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறி நாட்டுச் சட்டத்தின் கூறே என்று உச்ச நீதிமன்றம் 28.8.1996இல் தீர்ப்பளித்தது. 2015 சனவரி 31இல் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். 2025 சனவரி 30இல் அதே நீதிமன்றம் பாலாற்றின் பொருட்டு மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

இம்மூன்றும் தலைப்புக்கு உரியவை. ஆனால், இடைப்பட்ட ஆண்டுகளில் ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிக் கிணறுகள் உவர்த்தது? அன்றாடம் நிகழ்வது தலைப்பு ஆவதில்லை. ஆலையால் பிழைப்பவரும் அந்நீரையே நம்பியவர் என்பதும் சிறிய எழுத்தில் மறைந்துவிடும்.

கொட்டை எழுத்து ஒரு நாளைக்கு உரியது. கடப்பாடு அத்தகையது அன்று. தலைப்பேறாததைச் செய்தியாக்குவது கவிஞர் கடன்.