கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? பயப்படாதீங்க!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் நடந்தது உங்களில் பல பேருக்குத் தெரியும். மறுநாள் தணிக்கை. சாயங்காலம் நாலு மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கிறது. பெட்டிக்குள்ளிருந்து 'பீப், பீப்' என்று சத்தம் மட்டும் வருகிறது. கணக்காளர் பொண்ணு அழுதே விட்டது. "நேத்து நான்தான் கடைசியா தொட்டேன், நான்தான் கெடுத்துட்டேன்" என்று அதுவே சொல்லிக்கொண்டது. கூட இருந்தவர்களும், "ஆமா, நீ என்னத்தை அமுக்கினே?" என்றுதான் கேட்டார்கள்.

டவுனிலிருந்து வந்த மெக்கானிக் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றார். நாங்களும் தலையாட்டத்தான் போனோம். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள்தான், ஆனால் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அப்போது ஊக்குநர் அக்கா ஒருத்தர், "ஃபார்மேட்னா என்னங்க? உள்ளே இருக்கிற கணக்கு இருக்குமா, போயிடுமா?" என்று கேட்டார். போயிடும் என்றார் மெக்கானிக். கடைசி மூன்று மாதக் கடன் வசூல் பேரேட்டில் ஏறவே இல்லை, கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதற்கு வேறு சாட்சியே கிடையாது. பேரேட்டை விட்டது எங்கள் தவறு, ஒத்துக்கொள்கிறோம்.

கறவை மாட்டுக் கடன் வாங்கின அக்காமார்களைக் கேட்கிறோம். காலையில் மாடு எழுந்திருக்கவில்லை என்றால் என்ன செய்வீங்க? தீனி எடுத்ததா, தண்ணி குடித்ததா, வயிறு ஊதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பீங்க இல்லையா? கம்ப்யூட்டருக்கும் அதேதான். வெளியிலிருந்து உள்ளே, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் கரண்ட். சுவரில் ஸ்விட்ச் போட்டிருக்கிறதா, ஜங்ஷன் பாக்ஸில் பிளக் ஆட்டம் காண்கிறதா, யு.பி.எஸ். எரிகிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அதே இடத்தில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெட்டியின் பின்பக்கம் கரண்ட் வயர் போகிற இடத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். கூட்டித் துடைக்கும்போது துணி பட்டு அது அணைந்து போவது உண்டு. எலி வயரைக் கடித்திருந்தால் தொடவே தொடாதீங்க, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பெட்டியில் விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லையா? மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று எழுத்து வந்தால் மானிட்டர் உயிரோடுதான் இருக்கிறது. பெட்டியிலிருந்து அதற்குச் செய்தி வரவில்லை, அவ்வளவுதான். நடுவில் இருக்கிற வயரைக் கழற்றி மறுபடி இறுக்கமாக மாட்டுங்கள்.

அதற்கும் சரியாகவில்லை, 'பீப்' சத்தம் விட்டு விட்டு வருகிறது என்றால், ரேம் என்கிற சின்னப் பட்டையில் தூசியோ ஈரப்பதமோ சேர்ந்திருக்கலாம். சில பெட்டிகளில் சத்தமே வராது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். நமக்கு நடந்தது இதுதான். பக்கத்து ஊர் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் டீச்சர் போனில் சொல்லச் சொல்ல, அழுத அதே பொண்ணுதான் செய்தது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கியாச்சு. பெட்டியின் இரும்பு உடம்பைக் கையால் தொட்டாச்சு, நம் உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் இறங்குவதற்காக. பக்கத்து மூடியைக் கழற்றி, ரேம் பட்டையின் ஓரத்து கிளிப்பை விலக்கி, பட்டையை மெதுவாக எடுத்தது. அடிப்பக்கம் தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும். அதைப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரால் லேசாகத் தேய்த்து, காய்ந்த துணியால் தூளைத் துடைத்தது. பட்டையில் இருக்கிற வெட்டு சரியாக உட்காருகிறதா என்று பார்த்து, இரண்டு ஓரத்தையும் அமுக்கியதும் 'டக்' என்று சத்தம் வந்தது. ஸ்விட்சைப் போட்டால் படம் வந்துவிட்டது! ஃபார்மேட் செய்திருந்தால் கணக்கும் போயிருக்கும், பீப் சத்தமும் நின்றிருக்காது. எவ்வளவு பெரிய ஆபத்து பாருங்கள்.

உள்ளே கரண்ட் வயர் வந்து சேர்கிற தகரப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

சில நேரம் கறுப்புத் திரையில் இங்கிலீஷில் எழுத்து வந்து நிற்கும். 'பூட்', 'டிஸ்க்' என்ற வார்த்தைகள் அதில் இருந்தால், பென் டிரைவ் செருகியபடியே இருக்கிறதா என்று பாருங்கள். எடுத்துவிட்டு மறுபடி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். 'எஃப் 1 அமுக்கவும்' என்று தினமும் கேட்டு, தேதியும் பழைய வருடத்துக்குப் போய்விட்டால், உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். சி.ஆர். 2032 என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள், விலை குறைவுதான். குறைவு என்று தள்ளிப் போடாதீங்க, தேதி தப்பானால் ரசீதும் வட்டிக் கணக்கும் சேர்ந்து தப்பாகும்.

விண்டோஸ் வருகிற மாதிரி வந்து, திரும்பத் திரும்ப அணைந்து அணைந்து எரிகிறதா? விண்டோஸ் 7 என்றால் ஆன் செய்ததும் எஃப் 8 தட்டி 'சேஃப் மோட்' போகலாம். 10, 11ல் இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் அதுவே பழுது பார்க்கிற பக்கத்தைக் காட்டும். அதில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கொடுக்கலாம். 'ரீசெட்' பக்கம் மட்டும் கை போகக் கூடாது. அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதை அமுக்கினால் கணக்கு எல்லாம் துடைத்துப் போய்விடும்.

பெட்டிக்குள் 'டிக், டிக்' என்று தட்டுகிற சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீங்க. கணக்கு இருக்கிற ஹார்ட் டிஸ்க்தான் அடிபடுகிறது.

மெக்கானிக்கிடம் கேட்கக் கூச்சப்படாதீங்க. "கம்ப்யூட்டர் எழும்பலைன்னாலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேற கம்ப்யூட்டர்ல மாட்டி, கணக்கை காப்பி எடுத்துக் கொடுங்க, அப்புறம் ஃபார்மேட் பண்ணலாம்" என்று சொல்லுங்கள். டிஸ்க் நல்லா இருந்தால் இது முடிகிற வேலைதான். காப்பியைக் கண்ணால் பார்த்த பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

இன்றைய தீர்மான நோட்டில் மூன்றை எழுதலாம் என்று கேட்டுக்கொள்கிறோம். வாரா வாரம் கணக்கைப் பென் டிரைவில் ஏற்றி, ஒன்றைத் தலைவி வீட்டிலும் ஒன்றைப் பொருளாளர் வீட்டிலும் வைப்பது. பேரேட்டை மறுபடி அன்றன்றே எழுதுவது. கம்ப்யூட்டர் கெட்டால் கடைசியாகத் தொட்டவர் தலையில் பழி போடாமல் இருப்பது. மூன்றாவதைக் கட்டாயம் எழுதுங்கள், அந்தப் பொண்ணு அடுத்த வாரமே வேலையை விடுகிறேன் என்று எங்களிடம் வந்து நின்றது.

அடுத்த மாதக் கூட்டத்தில் பெட்டியைத் திறந்து காட்டப்போகிறோம். சொல்லித் தரப்போவது அந்தப் பொண்ணுதான். ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் கணக்கு எழுதுகிறவர் ஒருவராவது வந்துவிடுங்கள். வரும்போது பிள்ளைகளிடம் கேட்டு ஒரு ரப்பர் கொண்டு வாங்க.