இளைஞர் நெஞ்சும் புதிய தடுப்பூசியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் நாடகமும் மணக்கவேண்டிய மேடையில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். இரயில் தொழிலையும் இராணுவப் பணியையும் நம்பிக் கோர்படிக்கு வந்து குடியேறியவர்கள் நாம். இன்றோ நம் மக்களுள் பலர் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் குடும்பம் நடத்துகின்றனர். ‘தடுப்பூசி போட்ட பின் பையனுக்கு நெஞ்சு வலிக்கிறதாம்’ என்று அங்கிருந்து ஒரு சொல் வந்தால், இங்கே பாட்டனும் பாட்டியும் உறக்கம் இழக்கின்றனர். கைப்பேசியில் உலவும் செய்திகள் அச்சத்தை வளர்க்கின்றனவேயன்றி அறிவை வளர்ப்பதில்லை. எனவே உண்மை இது, மிகை இது எனப் பிரித்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண், எந்தத் தடுப்பூசி என்பதைத் தெளிந்துகொள்வோம். நமக்கு அண்மையில் ஹடப்சரில் உள்ள சீரம் நிறுவனம் தயாரித்து வழங்கிய கோவிஷீல்டு வேறு வகையைச் சேர்ந்தது. 2022 சனவரி 3-ஆம் நாள் முதல் 15 வயதுக்கு மேற்பட்ட நம் நாட்டுச் சிறார்க்குப் போடப்பட்டது கோவாக்சின். அவ்வாண்டு மார்ச்சு 16 முதல் 12 வயதுக்கு மேற்பட்டோர்க்குப் போடப்பட்டது கோர்பிவாக்சு. இவற்றுள் ஒன்றும் எம்.ஆர்.என்.ஏ. வகையன்று. நமது புனே நகரத்து ஜென்னோவா நிறுவனம் அவ்வகை ஊசியொன்றை உருவாக்கி 2022 சூனில் அனுமதி பெற்றது. அதுவும் 18 வயது நிரம்பியவர்க்கே. ஆகவே நாம் பேசப்புகுவது, வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் பெற்ற பைசர், மாடர்னா என்னும் ஊசிகளைப் பற்றியே.

இவ்வூசி, கிருமியின் ஒரு பகுதியை மட்டும் செய்துகாட்டும் குறிப்பொன்றை நம் உடலணுக்களுக்கு அனுப்புகிறது. உடல் அப்பகுதியைக் கண்டு போர்ப்பயிற்சி பெறுகிறது. குறிப்போ விரைவில் அழிந்துவிடுகிறது. ஆயினும் மிகச் சிலரிடம் இப்பயிற்சியின்போது இதயத் தசையில் அழற்சி தோன்றியது. 2021-ஆம் ஆண்டின் முற்பகுதியில் இஸ்ரேலிலும், பின்னர் அமெரிக்காவிலும் இது கண்டறியப்பட்டது. இளம் ஆண்களிடமே மிகுதி. இரண்டாம் ஊசிக்குப் பின்னரே மிகுதி. பெரும்பாலும் சில நாட்களுக்குள்ளேயே அறிகுறி தோன்றும். அமெரிக்கக் கணக்கின்படி, பைசரின் இரண்டாம் ஊசி பெற்ற 16, 17 வயது ஆண்பிள்ளைகளில் பத்து இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 106 பேர்; 12 முதல் 15 வயதினரில் ஏறத்தாழ 71 பேர். பத்தாயிரத்தில் ஒருவர் என்பது சிறு எண்ணே. ஆயினும் அந்த ஒருவரைப் பெற்ற தாய்க்கு அது சிறு எண்ணாகுமா?

சிங்கப்பூரில் 2021 சூலையில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். முதல் ஊசி பெற்று ஆறு நாள் சென்றபின், 16 வயது மாணவர் ஒருவர் உடற்பயிற்சிக் கூடத்தில் மிகுந்த எடை தூக்கினார். அன்றே மயங்கி விழுந்து, இதயம் நின்று, மருத்துவமனையில் மீட்கப்பட்டார். அந்நாட்டு அரசு இதை மறைக்கவில்லை. ஊசியால் விளைந்த கடும் அழற்சியே காரணமாதல் கூடும் என ஆய்ந்துரைத்து, 2,25,000 சிங்கப்பூர் வெள்ளி உதவித்தொகை அளித்தது. ஊசி போட்டபின் இளைஞர்கள் ஒரு வாரம் கடும் உடற்பயிற்சியைத் தவிர்க்கவேண்டும் என்று வல்லுநர் குழு அறிவுறுத்தியது. பின்னர் அதுவே இரு வாரமாயிற்று. பிற நாடுகளும் வாளாவிருக்கவில்லை. ஹாங்காங் 2021 செப்டம்பரில் சிறார்க்கு ஒரே ஊசி போதும் என்றது. சுவீடனும் பின்லாந்தும் இளையோர்க்கு மாடர்னாவை நிறுத்தின. கனடாவும் பிரிட்டனும் இரண்டு ஊசிகளுக்கு இடைப்பட்ட காலத்தை நீட்டின. குறையை ஒப்புக்கொண்டு முறையைத் திருத்துவதன்றோ அறிவியலின் பெருமை!

இனி, மருத்துவமனையில் நடப்பதைக் காண்போம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு, மயக்கம் ஆகியவற்றுடன் பிள்ளை வந்தால் முதலில் ஈ.சி.ஜி. எடுப்பர். இதயத் தசை புண்பட்டால் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்னும் பொருளை அளப்பர். எக்கோ கருவியால் இதயம் சுருங்கி விரியும் ஆற்றலைப் பார்ப்பர்; வேண்டுமிடத்து எம்.ஆர்.ஐ. படமும் எடுப்பர். கோவிட் நோயும் வேறு பல வைரசுகளும் இவ்வழற்சியை உண்டாக்குமாதலால் அவற்றையும் ஆராய்வர். பிள்ளையைச் சில நாள் படுக்கையில் வைத்து இதயத் துடிப்பை இடைவிடாது கவனிப்பர். பெரும்பாலோர்க்கு ஓய்வும், இபுப்ரோஃபென் போன்ற வலியும் அழற்சியும் தணிக்கும் மருந்துமே போதியன. நோய் கடுமையாயின் ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் தருவர்; இதயம் தளர்ந்தோர்க்குத் தீவிர சிகிச்சைப் பிரிவே இடம். பெரும்பாலோர் சில நாட்களில் வலி நீங்கி வீடு திரும்பினர்.

ஆயின் வீடு திரும்பியதும் ஆடுகளம் போதல் ஆகாது. மூன்று முதல் ஆறு திங்கள் வரை ஓட்டமும் பந்தாட்டமும் எடை தூக்குதலும் கூடா. மீண்டும் சோதனை செய்து மருத்துவர் ஒப்பிய பின்னரே விளையாடலாம். வலி போயினும் சிலருடைய இதயத் தசையில் எம்.ஆர்.ஐ. தழும்பைக் காட்டுகிறது. அதனாற்றான் இத்தொடர் கவனிப்பு.

இந்தியாவில் நிகழும் திடீர் மரணங்கள் யாவற்றையும் தடுப்பூசியின் தலையிற் சுமத்துவோர் உளர். நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகளின் வழியே 18 முதல் 45 வயதினரை ஆய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிவு வேறு. நம் நாட்டில் போடப்பட்ட ஊசிகள் அவ்வாபத்தைக் கூட்டவில்லை. குடும்பத்தில் திடீர் மரணம் நேர்ந்திருத்தல், மிதமிஞ்சிய குடி, கடும் உடலுழைப்பு முதலியவையே கூட்டின.

அன்பர்களே! நம் வீடுகளில் பிள்ளை நெஞ்சைப் பிடித்தால் ‘வாயுவாக இருக்கும், ஓமத் தண்ணீர் குடி’ என்கிறோம். பிள்ளையோ தேர்வுக்கும் ஆட்டத்திற்கும் அஞ்சி வலியை மறைக்கிறான். இரண்டும் வேண்டா. ஊசி போட்டபின் நெஞ்சு வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. எந்த ஊசி, எந்த நாள் என்பதைத் தயங்காது மருத்துவரிடம் கூறுக. சான்றிதழை உடன் கொண்டு செல்க. அயல்நாட்டில் உள்ள மக்களுக்கும் இதனையே தொலைபேசியில் சொல்லுக. அச்சம் ஊசியை ஓட்டிவிடும். அலட்சியம் உயிரை ஓட்டிவிடும். இரண்டிற்கும் இடையே உள்ளது அறிவின் வழி. அவ்வழியே நம் குடும்பங்கள் நடக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!