பறை வந்த கதை

பேங்க் முடிந்ததும் மாணவர் விடுதிக்குப் போவேன். கீழ்வெண்மணி பற்றிய இசை நாடகத்துக்கு ஒத்திகை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட சேரியில், ஒரே குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேரை எரித்தார்களே, அதுதான் கதை.

ஆர்மோனியம் வந்தது, தபேலா வந்தது. பறை மட்டும் வரல. அடிக்கத் தெரிந்த தம்பி ஒருவன், "எங்கப்பா சாவுக்கு அடிக்கிறாரு. மேடையில நானும் அடிக்கணுமாண்ணே?" என்றான். விடுதலைக் கருவி, அது இதுவென்று பேச எனக்கு வாய் வரல. ஆபீசில் நான் எங்கப்பா தொழிலைச் சொன்னதே இல்லை. அதை மட்டும் அவனிடம் சொன்னேன்.

மறுநாள் அவனே வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினான். எரிப்புக் காட்சிக்கு நான் எழுதிய பாட்டைக் கேட்டுவிட்டு, "பாட்டு வேணாம்ணே, பறை போதும்" என்றான். எடுத்துவிட்டேன். கவிஞனுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.