நாற்பது நாள் முன்பே தொடங்கும் பண்டிகை

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய பலாக்கொத்துப் பக்கம் நின்றுகொண்டு இதைப் பேசுகிறேன். 1936இல் ஒருவர் வந்து இங்கே சின்னதாக ஒரு குடிசை போட்டுக்கொண்டு தங்கினார். எஸ்.எஸ். கோஹன் என்று பெயர். இராக்கின் பஸ்ரா பக்கம் பிறந்த யூதர். ‘குரு ரமணா’ என்ற நூலை எழுதியவர் இவர்தான். இவருக்கு முன்பே இங்கு வந்து, 1934இல் தம் நூல் வழியாக ரமணரை மேலைநாடுகளுக்கு அறிமுகம் செய்த பால் பிரண்டன் லண்டன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெங்களூரில் மின்சாதனத் தொழிற்சாலையை நடத்திய மாரிஸ் ஃப்ரிட்மன் வார்சாவில் பிறந்த யூதர். ‘மகரிஷியின் உபதேசம்’ என்று 1939இல் வந்த கேள்வி பதில் தொகுப்பில் அவர் பங்கு பெரியது.

இந்த மூவரும் பிறந்த மரபில் எலுல் என்று ஒரு மாதம் உண்டு. பெரும்பாலும் நம் ஆவணியை ஒட்டி வரும். அதில் பண்டிகை எதுவும் கிடையாது, ஆனால் மாதம் முழுக்க ஏற்பாடுதான். அடுத்த மாதம் முதல் நாள் ரோஷ் ஹஷானா என்ற புத்தாண்டு. பத்தாம் நாள் யோம் கிப்பூர், பாவமன்னிப்பு நாள். எலுல் பிறப்பாகக் கொள்ளும் முந்திய மாதக் கடைசி நாளிலிருந்து எண்ணினால் யோம் கிப்பூர் வரை 40 நாள்.

ஆதியில் 40 நாள் என்ற கணக்கே இல்லை. பைபிளின் லேவியராகமத்தில் பாவநிவாரணத்துக்கு ஒரே ஒரு நாள்தான். அன்றைய முக்கிய வேலை தலைமைக் குருவுடையது. ஜெருசலேம் கோயிலின் மகா பரிசுத்த இடத்துக்குள் அவர் போவார், பலி கொடுப்பார். ஜனங்கள் அன்று நோன்பிருப்பார்கள். கி.பி. 70இல் ரோமானியர்கள் அந்தக் கோயிலை இடித்தார்கள். பலிபீடம் போயிற்று, குருவின் பணியும் போயிற்று. குரு செய்துவந்ததை இனி ஒவ்வொருவரும் தானே செய்தாக வேண்டும். ஒரே நாளில் அது முடிகிற காரியமா? பாபிலோனில், அதாவது கோஹன் பிறந்த அதே இராக் மண்ணில், தொகுக்கப்பட்ட தல்மூத் என்ற யூதச் சட்ட விளக்க நூல் புத்தாண்டிலிருந்து பத்து நாளையும் மனந்திரும்பும் நாள்களாகப் பார்த்தது. பிறகு வந்த நூற்றாண்டுகளில் மன்னிப்பு வேண்டும் வழிபாடு எலுல் மாதம் முழுவதற்கும் பரவியது. யோசேப் காரோ எழுதி 1565இல் வெனிஸில் அச்சான சட்டத்தொகுப்பு, எலுல் பிறந்ததிலிருந்து யோம் கிப்பூர் வரை விடியலுக்கு முன் எழுந்து வேண்டுவது வழக்கம் என்கிறது. ஐரோப்பிய யூதர்களில் பலர் புத்தாண்டுக்குச் சில நாள் முன்புதான் தொடங்குவார்கள்.

இந்த 40 நாளுக்கு மரபு சொல்லும் காரணம் ஒரு மலை. பொன் கன்றுக்குட்டியை வணங்கிய ஜனங்களுக்காக மோசே மறுபடியும் சீனாய் மலை ஏறினார். எலுல் பிறப்பன்று ஏறியவர் யோம் கிப்பூர் அன்று கட்டளைகள் பொறித்த புதிய கற்பலகைகளோடு இறங்கினார் என்பது நம்பிக்கை. சீனாய், கடவுள் தீயாக இறங்கிய மலை. மலையையே தீயாக வணங்கும் திருவண்ணாமலையில் இருக்கிறவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வேதாந்தம் முழுவதும் பைபிளின் இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது என்று ரமணர் சொன்னது அவருடைய உரையாடல் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. ஒன்று, அதே மோசேயிடம் கடவுள் தன் பெயரைச் சொல்லும் இடம். மற்றது 46ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. இரண்டுமே யூத வேதத்தில் உள்ளவை. இன்னொன்றும் சொல்ல ஆசை. பின்னாளில் ரமணர் ஆன பதினாறு வயது வேங்கடராமன் இந்த ஊர் வந்து சேர்ந்தது 1896 செப்டம்பர் 1. யூத நாள்காட்டியில் அது எலுலின் கடைசி வாரம். தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

எலுல் காலையில் பல ஜெப ஆலயங்களில் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். அதற்கு ஷோஃபார் என்று பெயர். தூங்குகிறவர்களே, விழித்துக்கொள்ளுங்கள் என்பதே அந்த ஒலியின் செய்தி என்று 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் விளக்கினார். ஆலயப் பணியாளர் விடியுமுன் வீடுவீடாகக் கதவைத் தட்டி எழுப்பும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. நம் ஊரில் இதைக் கேட்டால் யாருக்கும் திருவெம்பாவை நினைவுக்கு வரும். மாணிக்கவாசகர் அதைப் பாடிய தலம் இதுவே என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயிலும் இருக்கிறது. தூங்கும் தோழியை எழுப்பும் அந்தப் பாடல்களை மார்கழித் திருவாதிரைக்கு முந்திய பத்து நாள் ஓதுவார்கள். அங்கேயும் பத்து நாள், இங்கேயும் பத்து நாள். ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. திருநாளுக்கு முன் மனிதனை எழுப்ப வேண்டும் என்று இரண்டு மரபுக்கும் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். எலுலில் பெற்றோர் கல்லறைக்குப் போய்வருவதும் உண்டு. நாம் முன்னோரை நினைக்கும் மகாளய அமாவாசையும் இதே சமயம்தான்: 2025இல் அது செப்டம்பர் 21. யூதப் புத்தாண்டு மறுநாள் மாலையே பிறந்தது.

இந்த ஏற்பாட்டில் மிகக் கடினமான பகுதி ஜெபம் அல்ல. சுமார் கி.பி. 200இல் தொகுத்த மிஷ்னா என்ற யூதச் சட்டநூல் ஒரு விதி வைக்கிறது. கடவுளுக்குச் செய்த பிழையை யோம் கிப்பூர் தீர்க்கும். சக மனிதருக்குச் செய்த பிழையை, அவரைப் போய்ப் பார்த்துச் சமாதானம் செய்கிறவரை அந்த நாளாலும் தீர்க்க முடியாது. அவர் மன்னிக்க மறுத்தால் மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கேள், அப்போதும் மறுத்தால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை போ என்கிறார் மைமோனிடிஸ். எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தாலும் நேரில் கேட்டே ஆக வேண்டும். ஆள் இறந்துவிட்டால் பத்துப் பேரோடு அவர் கல்லறைக்கே போய்ச் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு இவ்வளவு நாள் தேவைப்படுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஜெபத்துக்கு ஒரு ராத்திரி போதும். பகையான அண்ணன் வீட்டுப் படி ஏற ஒரு மாதமும் போதாது.

தீபத்துக்கோ பௌர்ணமி கிரிவலத்துக்கோ அடுத்த முறை நீங்கள் இந்த ஊருக்குக் கிளம்பும்போது, அப்படிப் பார்க்க வேண்டிய ஒருவர் இருந்தால், முதலில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.