பச்சையாக இருந்தால் காடாகிவிடுமா?



மசினகுடியிலிருந்து தெப்பக்காடு போகும் சாலையில் இரண்டு பக்கமும் பாருங்கள். எங்கும் பச்சை. ஜீப்பில் வருகிற சுற்றுலாப் பயணி படம் பிடித்துக்கொண்டு போகிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பச்சையில் உண்ணிச்செடி என்கிற அயல் களை எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. ஆனால் இந்தக் காட்டைக் காப்பதற்கென்றே இருக்கிற துறைக்குத் தெரியும். கோட்டையில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத் தெரியும். தெரிந்தே விட்டுவிட்டார்கள் என்று குற்றம் சாட்டத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

இந்த முதுமலைக் காடு 1940-இல் சரணாலயம் ஆனது. 1990-இல் அதன் ஒரு பகுதி தேசியப் பூங்கா. 2007-இல் புலிகள் காப்பகம். பின்னால் சேர்த்த வெளிவட்டத்தோடு இன்று 688 சதுர கிலோமீட்டர். ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு புதுப் பலகை வந்தது, ஒரு செக்போஸ்ட் வந்தது, நம் ஜனங்களுக்கு ஒரு புதுத் தடை வந்தது. தரைக்கு என்ன வந்தது?

உண்ணிப் புதருக்குள் ஒருநாள் குனிந்து பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேல் முள்ளும் கிளையும் பின்னிக் கிடக்கும். அடியில் ஒரு புல் இருக்காது. மானுக்கு மேய வழியில்லை, காட்டெருமைக்கு வழியில்லை. மான் இல்லாத இடத்தில் புலிக்கு என்ன வேலை? அழகுச் செடி என்று வெள்ளைக்காரன் கொண்டுவந்து 1809-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் வைத்த செடி அது. இன்று இந்தியாவில் புலி நடமாடும் நிலத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு அதன் பிடியில் இருப்பதாக 2020-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். உண்ணி போதாதென்று மஞ்சள் கொன்றை. அதை வயநாட்டில் நட்டது யார்? காட்டைக் காக்க வேண்டிய வனத்துறையே, சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில்! அங்கிருந்து பந்திப்பூருக்கும் முதுமலைக்கும் பரவிவிட்டது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கிற மரம் அது.

மேலே முக்குருத்திக்குப் போவோம். அது 78 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா, நம் மாநில விலங்கான வரையாட்டின் வீடு. வரையாட்டுக்கு வேண்டியது மரமல்ல, புல்வெளி. அந்த மலைப் புல்வெளிகளைச் சும்மா கிடக்கிற நிலம் என்று முடிவு கட்டி, சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள். வெள்ளைக்காரன் தொடங்கினான், நம் ஐந்தாண்டுத் திட்டங்கள் பெரிதாக்கின. பட்டை தோல் ஆலைக்குப் போனது, மரம் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குப் போனது. ஆலை மூடிக் காலமாகிவிட்டது. சீகை இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. பெய்த மழையைப் பிடித்து வைத்து, பைக்காராவுக்கும் பவானிக்கும் கோடையிலும் சொட்டுச் சொட்டாய் விட்ட புல்வெளி அது. தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல் அந்தச் சதுப்புகளில்தான் விளைந்தது. இன்று அந்தப் புல்லைத் தேடி அலைகிறார்கள். ஈரோட்டில் பவானித் தண்ணீர் பாய்ச்சுகிற விவசாயிக்கும் இது வேறு ஊர்க் கதை அல்ல.

யானை ஊருக்குள் வருகிறது, வாழையைத் தின்கிறது என்று நாமும் சண்டை போடுகிறோம். காட்டில் தீனி குறைந்ததுதான் ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை. சீகூரில் யானை வழித்தடத்தை மறித்து விடுதி கட்டினார்கள். உச்ச நீதிமன்றம் 2020-இல் வழித்தடத்தை உறுதி செய்து தீர்ப்புச் சொல்லும் நிலை வந்தது. இதே மசினகுடியில் எரியும் டயர் பட்டுக் காது கருகிய யானை அடுத்த ஜனவரியில் செத்தது. வழியையும் அடைத்து, வயிற்றிலும் அடித்தால் அந்த உயிர் எங்கே போகும்?

இப்போது நமக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கோடை முற்றுவதற்கு முன்னால் சருகுக்குச் சிறு தீ வைத்து, பெருந்தீ வராமல் பார்த்துக்கொண்டவர்கள் இந்த மலைகளின் பழங்குடிகள். குற்றம் என்று சொல்லி அதை நிறுத்தினார்கள். தீயை நிறுத்திய பிறகுதான் உண்ணி இப்படிப் பெருகியது என்று பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்டார்களா? 2019-இல் பந்திப்பூர் பற்றி எரிந்தபோது அந்தத் தீக்கு விறகானதில் காய்ந்த உண்ணியும் உண்டு. காட்டு மக்களுக்கு உரிமை தருகிற வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2007 டிசம்பர் கடைசியில். முதுமலையைப் புலி வாழ்விடமாக அறிவித்த ஆணை அதற்குச் சில நாள் முன்னால், அதே டிசம்பரில் வந்தது. மக்களை விலக்கி வைக்க இருந்த அவசரம், ஒரு புதரைப் பிடுங்க ஏன் இல்லை?

அயல் செடிகளை அகற்ற 2022-இல் அரசு ஒரு கொள்கை அறிவித்தது. நீதிமன்றம் நெருக்கிப் பிடித்த பிறகு வேலை கொஞ்சம் வேகம் எடுத்தது. மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்குக் கொடுக்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் லாரியில் மரம் ஏறினதோடு வேலை முடிந்துவிடாது. கொன்றையை அடிப்பட்டை உரித்துக் காயவிட வேண்டும், கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். உண்ணியென்றால் காய் பழுக்கும் முன்னே தூரை மண்ணுக்கடியில் வெட்டித் தலைகீழாய்க் கவிழ்க்க வேண்டும். பிறகு அந்த மண்ணில் நம் புல்லை விதைத்து, இரண்டு மூன்று வருஷம் திரும்பத் திரும்ப வந்து களை எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஒரு தடவை வெட்டி, பில் போட்டு, போட்டோ எடுத்துக் கணக்கை முடித்தால் அடுத்த மழைக்கே உண்ணி முளைத்துவிடும்.

இந்த வேலை யாருக்குத் தெரியும்? இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெட்டக்குறும்பருக்கும் காட்டுநாயக்கருக்கும் தெரியும். இந்தப் பக்கத்து மக்கள் உண்ணிக் குச்சியை வளைத்துச் செய்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. உலகமே பார்த்த அந்தக் கைகளுக்கு இங்கே தினக்கூலி, அதுவும் ஒப்பந்தக்காரர் கூப்பிட்டால்தான்!

ஆகவே இந்தக் கூட்டம் கேட்கிறது. அகற்றும் வேலையை ஒப்பந்தக்காரரிடம் தராதே, கிராம சபையிடம் கொடு. வெட்டின ஏக்கருக்கு அல்ல, மூன்றாம் வருஷம் புல் நிற்கிற ஏக்கருக்குக் கணக்குக் காட்டு, அதையும் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு. முக்குருத்தியில் சீகை எடுத்த இடத்தில் மறுபடி மரம் நடாதே, புல்லை வளர விடு. தீர்மானத்தை நம் தங்கை இப்போது வாசிப்பார். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள், எண்ணிக்கையோடு நாளைக் காலை கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோகிறோம்.